டோபின் துறைச் சபையின் பாகப்பிரிவினை

டோபின் துறைச் சபையார் சண்டை போட்டுப் பிரிந்தார்கள் என்று சொல்வது அபாண்டம். அவர்கள் ஜெபம் பண்ணித்தான் பிரிந்தார்கள். மனிதனை மனிதன் சொந்தமாக வைத்துக்கொள்வது பாவம் என்று ஒரு தரப்பு முழங்காலில் நின்றது. அப்படிச் சொல்வதே பாவம் என்று மறு தரப்பு பக்கத்து வரிசையில் முழங்காலில் நின்றது. ஒருவருக்காக ஒருவர் மன்றாடிய உருக்கத்தில் பிரசங்க மேடையின் கைப்பிடி பெயர்ந்து வந்தது. ஒரு டீக்கனுக்கு முன்பல் போயிற்று. கிறிஸ்தவ அன்பு இனிமேலும் கெடாமல் இருக்கவேண்டுமானால் ஆலயத்தின் நடுவே ஒரு பலகைச் சுவர் எழுப்புவதுதான் வழி என்று அதன்பின் இரு தரப்பும் ஏகமனதாக முடிவு செய்தன.

ஊர் கென்டக்கியில், ஒஹையோ ஆற்றின் தென்கரையில் இருந்தது. அக்கரையில் அடிமைகள் கிடையாது, இக்கரையில் உண்டு. ஆகையால் டோபின் துறைக்காரர்களுக்கு மனசாட்சி என்பது ஜன்னலைத் திறந்தால் தெரிகிற தூரத்தில்தான் இருந்தது. பலர் ஜன்னலை மூடியே வைத்திருந்தார்கள்.

பாகப்பிரிவினை நியாயமாகவே நடந்தது. அடிமை வைப்பது பாவம் என்றவர்களுக்கு ஆலயத்தின் வட பாதி, இல்லை என்றவர்களுக்குத் தென் பாதி. பெஞ்சுகள் பாதிப் பாதி. கணப்படுப்பு நடுவில் இருந்ததால் சுவர் அதை ஒட்டி வளைந்து போயிற்று. விறகு போடும் வாய் தென் தரப்புக்கும் புகைபோக்கி வட தரப்புக்கும் விழுந்தன. மேடையிலிருந்த பெரிய வேதப்புத்தகத்தையும் பிரித்தார்கள். அடிமைகள் எகிப்தை விட்டுப் புறப்பட்டுப் போகும் யாத்திராகமத்தை வட தரப்பு கேட்டது. ஓடிப்போன அடிமை எஜமானிடம் திரும்பி வரும் நிருபத்தைத் தென் தரப்பு கேட்டது. மாற்றிக்கொண்டார்கள். கல்லறைத் தோட்டத்திலும் சுண்ணாம்புக் கோடு இழுத்தபோது, இறந்தவர்களின் கருத்து என்னவாக இருந்திருக்கும் என்பதில் கொஞ்சம் தகராறு வந்தது. அறுபது வருஷம் ஒன்றாகக் குடும்பம் நடத்திய ஒரு கணவனும் மனைவியும் கோட்டுக்கு ஆளுக்கொரு பக்கமாகப் போனார்கள்.

எல்லாம் பிரித்த பிறகு ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. அது லெமுவேல்.

லெமுவேலுக்கு நாற்பது வயதிருக்கும். பக்தியுள்ள ஒரு விதவை சாகும்போது தன் வெள்ளிக் கிண்ணத்தையும் அவனையும் சபைக்கு எழுதி வைத்துவிட்டுப் போனாள். கிண்ணம் திருவிருந்துக்கு. லெமுவேல் மணி அடிக்க, அடுப்பு மூட்ட, பெருக்க, குழி வெட்ட. எந்த ஒரு மனிதனுக்கும் அவன் சொந்தமில்லை. சபை முழுவதற்கும் சொந்தம். சபை என்றால் யார் என்பதுதான் இப்போது கேள்வி.

சுவர் எழும்புவதற்கு முன்னமே வட தரப்பு மூப்பர் ஜோசையா வீட்டன் அவனுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு கண்கலங்கச் சொல்லியிருந்தார்: "நாங்க தனியாப் போனதும் முதல் காரியம் உன் காரியம்தான், சகோதரா."

அதை அவன் கெசியாவிடம் சொன்னான். கெசியா அவன் பெண்டாட்டி. அவளுடைய எஜமானி சாகும்போது அவளுக்கு விடுதலை கொடுத்துவிட்டாள். விடுதலையானவர்கள் மாநிலத்துக்குள் இருக்கக்கூடாது என்பது சட்டம். அதனால் அவள் அக்கரையில் குடிசை போட்டுத் துணி வெளுத்தாள்; வெளுத்ததைக் கொடுக்க மட்டும் இக்கரைக்கு வருவாள். இருவருக்கும் இதே ஆலயத்தில்தான் கல்யாணம் நடந்தது. வெள்ளைக்காரர்களுக்கு மரணம் பிரிக்கும்வரை என்று ஓதுகிற போதகர், இவர்களுக்கு மரணமோ தூரமோ பிரிக்கும்வரை என்று ஓதினார். இப்போதைக்குத் தூரம் ஓர் ஆற்றின் அகலம்தான். அவள் அடுப்புப் புகையை இவன் மணிக்கூண்டிலிருந்து பார்க்கலாம்.

"முதல் காரியம்னா என்னிக்கு?" என்று கெசியா கேட்டாள்.

"அவர் கண்ணுல தண்ணி வந்துச்சு கெசியா."

"தண்ணி எனக்கும்தான் வருது, தினம் துணி அலசுறேன். என்னிக்குன்னு கேளு."

சுவர் எழும்பிய மறுநாள் லெமுவேல் வீட்டனின் கடைக்குப் போய்த் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான். வீட்டன் மளிகையும் துணியும் விற்றார். லூசியானா சர்க்கரை, மிசிசிப்பிப் பருத்தி, எல்லாம் முதல் தரம். அவற்றை விளைவித்த கைகள் யாருடையவை என்று அவர் கடையில் யாரும் கேட்பதில்லை. அவர் சபையில் மட்டும்தான் கேட்பார்கள்.

"உன்னை விடுதலை பண்ணணும்னா, உன்னை முதல்ல நாங்க ஏத்துக்கணும் சகோதரா," என்றார் வீட்டன். "கைக்கு வந்தாத்தானே விட முடியும்?"

"ஏத்துக்குங்க ஐயா."

"அங்கதான் சிக்கல். நம்ம தரப்போட முதல் தீர்மானம் என்ன? எந்த மனுஷனையும் ஒரு நிமிஷம்கூட உடைமையா வெச்சிருக்க மாட்டோம்னு. அதுக்காக நான் மத்தியானம் பேச ஆரம்பிச்சு விளக்கு வெக்கிற வரைக்கும் பேசினேன். நீதானே விளக்கு வெச்சே."

"ஆமாங்க. ஒரு நிமிஷம் வெச்சுக்கிட்டு உடனே விட்டுட்டா என்னங்க ஐயா?"

"ஒரு நிமிஷப் பாவம் பாவமில்லையா?"

"எனக்கு அந்த ஒரு நிமிஷம் பரவாயில்லைங்க. பழக்கந்தான்."

"உனக்குப் பரவாயில்ல லெமுவேல்." வீட்டன் நெஞ்சில் கை வைத்தார். "என் மனசாட்சின்னு ஒண்ணு இருக்கே, அது எங்க போகும்?"

அது எங்கே போகும் என்று லெமுவேலுக்குத் தெரியவில்லை. "அப்ப உங்க பாதியை வேணாம்னு விட்டுடலாமேங்க?" என்று கேட்டுப் பார்த்தான்.

வீட்டன் திடுக்கிட்டார். "விட்டா அது முழுசா தென் தரப்பு பிரூட் கைக்குப் போயிடும். அடிமைத்தனத்துக்கு நானே ஆள் அனுப்பின மாதிரி ஆயிடும். உன்னோட பாதியை நாங்க ஏத்துக்கவும் மாட்டோம், விட்டுக் கொடுக்கவும் மாட்டோம். இந்த விஷயத்துல நாங்க பாறை மாதிரி நிப்போம். தைரியமா போ."

ஹார்லன் பிரூட் தென் தரப்பு மூப்பர். சணல் கயிறு திரிக்கும் ஆலை வைத்திருந்தார். மனிதர் ஒளிவு மறைவு இல்லாதவர். "நான் வீட்டன் மாதிரி இல்லடா," என்றார் லெமுவேலிடம். "நீ எங்க சொத்து. சொத்தை நான் நல்லாப் பாத்துப்பேன். என் குதிரையைப் பாரு, எப்படி மினுங்குதுன்னு. அது என்னிக்காவது என்கிட்ட வந்து விடுதலை கேட்டிருக்கா?"

"இல்லீங்க."

"குதிரைக்கு இருக்கிற நன்றி..." என்று பெருமூச்சு விட்டுப் போய்விட்டார்.

ஆகவே லெமுவேலை வாரம் வைத்துப் பிரித்தார்கள். ஒரு வாரம் தென் தரப்பில் அடிமை, மறு வாரம் வட தரப்பில் சகோதரன். தென் தரப்பு வாரத்தில் வேலை சுலபம். "ஏய், அடுப்பு" என்பார்கள், மூட்டுவான். வட தரப்பு வாரத்தில்தான் அவனுக்கு முதுகு ஒடிந்தது. அங்கே அவனுக்கு யாரும் கட்டளையிடக்கூடாது.

"சகோதரா லெமுவேல்," என்பார் வீட்டன், கைகளைத் தேய்த்துக்கொண்டே. "உனக்கு மனசிருந்தா, யாருடைய வற்புறுத்தலும் இல்லாம, விறகு கொஞ்சம் ஈரமா இருக்குங்கிறதை யோசிச்சுப் பாக்கிறியா?"

"எனக்கு மனசில்லைன்னாங்க?"

"மனசு வர்ற வரைக்கும் உனக்காக ஜெபம் பண்ணுவோம்."

ஒருமுறை உண்மையாகவே பண்ணினார்கள். குளிரில் பற்கள் தாளம் போட, அவனைச் சுற்றி வட்டமாக நின்று, அவன் இருதயம் இளகும்படி ஜெபித்தார்கள். ஒரு கிழவிக்கு உதடு நீலம் பாரித்தது. லெமுவேல் போய் விறகு கொண்டுவந்தான். சுதந்திர உழைப்பின் மேன்மையைப் பற்றி அந்த ஞாயிறு பிரசங்கம் நடந்தது. அதைக் கேட்க அவனுக்கு உட்கார இடம் கொடுத்தார்கள். பெஞ்சுகளுக்கெல்லாம் குடும்பங்கள் வாடகை கட்டியிருந்ததால், அடுப்புக்குப் பின்னால் ஒரு முக்காலியில்.

அந்த வருஷம் கோடு ஆலயத்தோடு நிற்கவில்லை. சுண்ணாம்பு வாளியோடு யாரும் வெளியே போனதாகத் தெரியவில்லை. இருந்தாலும் கோடு கல்லறைத் தோட்டத்தைத் தாண்டித் தெருவுக்கு இறங்கியது. ஊர்க் கிணற்றில் காலையில் ஒரு தரப்பு, மாலையில் மறு தரப்பு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒளிந்து விளையாடுவதை விட்டுவிட்டு அணிவகுத்து விளையாடினார்கள். தலையாரியின் வைக்கோல் கொட்டகை எரிந்தது. அணைக்கப் போனவர்கள், அவர் எந்தத் தரப்பு என்று நின்று யோசித்ததில் வீடும் எரிந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆண்களின் கோட்டு ஒரு பக்கம் தாழ்ந்து தொங்கியது. குனிந்து ஜெபிக்கும்போது பெஞ்சுப் பலகையில் துப்பாக்கி இரும்பு இடிக்கும் சத்தம் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கேட்டது. முதலில் யாராவது இருமி அதை மறைப்பார்கள். அப்புறம் இருமுவதையும் விட்டுவிட்டார்கள்.

லெமுவேல் பெருக்கும்போது ஒருநாள் பலகைச் சுவரில் ஒரு சின்ன ஓட்டையைப் பார்த்தான். கண் வைத்துப் பார்க்கிற உயரத்தில் இல்லை. நெஞ்சு உயரத்தில் இருந்தது. சொல்லலாமா என்று நினைத்தான். எந்தத் தரப்பிடம் சொல்வது என்று தெரியவில்லை. துடைப்பத்தால் தூசியைத் தட்டிவிட்டுப் போனான்.

இதற்கிடையில் மணிக்கயிறு வம்புக்கு வந்தது. கயிறு கூரையிலிருந்து நேராக இறங்கி, சுவருக்கு ஒரு சாண் தெற்கே தொங்கியது. கர்த்தரே தங்கள் பக்கம் கயிறு விட்டிருக்கிறார் என்றது தென் தரப்பு. அது பிரூட்டின் ஆலையில் அடிமைகள் திரித்த கயிறு, அதன் சத்தமே பாவம் என்றது வட தரப்பு. ஆனாலும் சத்தம் தங்களுக்கும் வேண்டும் என்றது. பேச்சு முற்றி இரண்டு பேர் கோட்டுக்குள் கை விட்டபோது, வெளியூரிலிருந்து ஒரு நடுவரை வரவழைப்பது என்று முடிவாயிற்று.

நடுவர் மறைதிரு ஆல்டன் குரோஸ்பி நீராவிப் படகில் வந்து இறங்கினார். பிரிந்துபோன சபைகளைச் சமாதானம் செய்வதில் அவருக்குப் பெரிய பெயர். அவர் போய் வந்த இடங்களில் மொத்தம் எத்தனை சபைகள் இருந்தனவோ, இப்போது அதைப்போல் இரண்டு மடங்கு இருந்தன. பாரபட்சம் கூடாது என்று பிரூட் வீட்டில் ஒரு முழுக் கோழியும் வீட்டன் வீட்டில் ஒரு முழுக் கோழியும் சாப்பிட்டார். பிறகு தீர்ப்பு சொன்னார்.

கயிறு எந்தத் தரப்பிலும் தொங்கக்கூடாது. அதை மேலே இழுத்துக் கூண்டுக்குள்ளேயே கட்டிவிட வேண்டும். லெமுவேல் ஆலயத்துக்குப் பின்புறம், ஆற்றைப் பார்த்த சுவரில், வெளியே ஓர் ஏணி வழியாக ஏறிப்போய் அடிக்கட்டும். வாரம் மாறுவது ஞாயிறு உச்சிப்பொழுது மணியோடு. பன்னிரண்டில் முதல் அடி விழுந்ததும் தென் தரப்பின் உரிமை முடிந்தது. கடைசி அடி விழுந்த பிறகே வட தரப்பின் வாரம் தொடங்கும். அடுத்த ஞாயிறு இதுவே தலைகீழாக நடக்கும். இரண்டு உரிமைகளும் ஒன்றோடொன்று உரசாதபடி நடுவில் இடம் விட்டிருப்பதாக அவர் விளக்கினார்.

"ஐயா," என்றான் லெமுவேல், கதவோரத்திலிருந்து. அவனைப் பேசச் சொன்னவர் யாருமில்லை. ஆனால் அது வட தரப்பு வாரம், தடுக்கவும் முடியாது. "அந்த முதல் அடிக்கும் கடைசி அடிக்கும் நடுவுல நான் யாரோடவன்?"

சபையார் சிரித்தார்கள். குரோஸ்பியும் பெருந்தன்மையாகச் சிரித்தார். "அந்த நேரத்துக்கு நீ கர்த்தருடைய கையில இருப்பேப்பா. பயப்படாதே, ரொம்ப நேரம் இல்ல."

அன்று முதல் ஒவ்வொரு ஞாயிறும் கைமாற்றும் சடங்கு நடந்தது. அந்த நேரத்துக்கு மட்டும் சுவரிலிருந்த சின்னக் கதவைத் திறப்பார்கள். தென் தரப்பு வாரம் முடிகிற ஞாயிறில், மேலே மணி ஓய்ந்ததும் பிரூட் எழுந்து, "ஒப்படைக்கிறோம்" என்பார். வீட்டன் எழுந்து, "நாங்கள் பெற்றுக்கொள்ளவில்லை; தடுக்கவும் இல்லை" என்பார். கதவைச் சாத்துவார்கள். எதிராளி ஒரு வார்த்தையை மாற்றிவிடாதபடி பார்த்துக்கொள்ள ஊரே திரண்டு வரும். பிள்ளைத்தாய்ச்சிகள் வருவார்கள், படுக்கையில் கிடப்பவர்களைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். படகுத்துறைக் காவல்காரன்கூடத் துறையை விட்டுவிட்டு வந்துவிடுவான்.

நவம்பர் மாதம் தேர்தல் முடிவு வந்தது; அடிமைமுறை இனிப் பரவக்கூடாது என்றவர் ஜனாதிபதியாக ஜெயித்திருந்தார். அதற்கப்புறம் ஊரில் யாரும் உரக்கப் பேசவில்லை. பிரூட்டின் ஆலையில் ராத்திரியும் விளக்கு எரிந்தது. இவ்வளவு கயிறு யாருக்கு என்று கேட்டவர்களுக்கு, கூடாரத்துக்கு என்று பதில் வந்தது. இத்தனை கூடாரம் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

குரோஸ்பி மறுபடியும் வந்தார். இம்முறை கோழி மெலிந்திருந்தது. மணியும் அடுப்பும் போகட்டும், லெமுவேல் ஒருவன்தான் இரு சபைகளுக்கும் இடையில் மிச்சமிருக்கும் பகை என்று அவர் கண்டுபிடித்திருந்தார். "சகோதரரே, பகையின் வேரைப் பிடுங்குவோம்," என்றார். "இவனைக் கீழ்நாட்டுச் சந்தைக்கு அனுப்பி, கிடைப்பதைப் பாதியாகப் பிரித்துக்கொண்டால், இரு தரப்புக்கும் நடுவில் சண்டை போட ஒன்றுமே இராது. நாட்டுக்கே இது முன்மாதிரியாக அமையும்."

கீழ்நாடு என்றால் ஆற்றோடு வெகுதூரம் தெற்கே, நாச்செஸ் அடிமைச் சந்தை. நீராவிப் படகில் போனவர்கள் உண்டு, வந்தவர்கள் இல்லை.

பிரூட் உடனே சரி என்றார். தென் தரப்புக்கு ஒரு புதிய கோபுரம் தேவைப்பட்டது. எல்லோரும் வீட்டனைப் பார்த்தார்கள். லெமுவேலும் பார்த்தான். வீட்டன் எழுந்தார். அவர் கண்கள் ஏற்கனவே கலங்கியிருந்தன.

"மனிதனை விற்பதை எதிர்த்து என் குரல் ஓயாது," என்றார். "இந்த விற்பனையை நாங்கள் கண்டிக்கிறோம். கண்டனத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள். அதே சமயம், நடந்துபோன ஒரு காரியத்தின் பலன் எங்கள் மேஜைமேல் வந்து விழுந்தால் அதைத் தட்டிவிடுவது பெருமை. பெருமை பாவம். அந்தப் பாதியைக் கொண்டு, மனிதனை விற்பதன் கொடுமையைப் பற்றித் துண்டுப் பிரசுரங்கள் அச்சடித்து ஆற்றின் இருகரையிலும் வழங்குவோம். லெமுவேலின் தியாகம் வீண்போகாது." பிறகு அவனைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் சொன்னார்: "முதல் பிரதி உனக்குத்தான் அனுப்பணும்னு இருக்கேன் சகோதரா. விலாசம் தெரிஞ்சா."

படகு திங்கட்கிழமை வருவதாக இருந்தது. அதற்கு முந்தின ஞாயிறு வழக்கம்போல் கைமாற்றும் சடங்கு. அது முடிந்தால் வட தரப்பு வாரம். அவர்கள் தடுக்க மாட்டார்கள்.

ஞாயிறு காலை கெசியா வெளுத்த மேஜை விரிப்புகளைக் கூடையில் வைத்துத் தன் சின்னப் படகைத் தானே தள்ளிக்கொண்டு வந்தாள். இரு தரப்புக்கும் அவள்தான் வெளுத்தாள். திருவிருந்து விரிப்பின் திராட்சரசக் கறை இரண்டிலும் ஒரே மாதிரிதான் போகும், ஒரே மாதிரிதான் போகாது. கொல்லைப்புறத்தில் விரிப்புகளை அவனிடம் எடுத்துக் கொடுத்துக்கொண்டே, நடந்ததையெல்லாம் கேட்டாள். அழவில்லை.

"அழுதது யாரு, வீட்டனா?"

"ஆமா."

"அந்த மனுஷன் கண்ணைக் கொண்டுவந்து வெச்சா நான் ஆத்துக்கே போக வேணாம்." கடைசி விரிப்பை உதறி மடித்தாள். "போதகர் அன்னிக்கு மரணமோ தூரமோன்னாரு. மரணத்தைத்தான் நான் பயந்துகிட்டிருந்தேன். தூரத்தை இவங்க கையில வெச்சிருக்காங்கன்னு தோணவே இல்ல."

அவன் ஏணியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அந்த நடுவர் என்ன சொன்னாரு? முதல் அடிக்கும் கடைசி அடிக்கும் நடுவுல?"

"கர்த்தர் கையில."

"ரெண்டு தரப்பும் ஒத்துக்கிட்டாங்களா?"

"கைதட்டினாங்க."

கெசியா காலிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆற்றைப் பார்த்தாள். துறையில் ஒரு மனுஷன்கூட இல்லை. எல்லோரும் ஆலயத்துக்குள் போய்க்கொண்டிருந்தார்கள், கோட்டு ஒரு பக்கம் தாழ்ந்து தொங்க.

"பன்னண்டும் அடிச்சே ஆகணுமா?" என்று கேட்டாள்.

உச்சிப்பொழுதில் லெமுவேல் ஏணி ஏறினான். கயிறு குளிரில் விறைத்திருந்தது. இத்தனை வருஷத்தில் அவன் ஓர் அடி கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. அது ஒன்றுதான் அவனுடையது என்று சொல்லிக்கொள்ள இருந்தது. முதல் அடி விழுந்தது. கீழே சுவரின் சின்னக் கதவு திறக்கும் கிரீச் சத்தம் கேட்டது. அவன் அவசரப்படாமல், எப்போதும் விடுகிற இடைவெளியை விட்டு அடித்தான். பதினோராவது அடியின் ரீங்காரம் அடங்குமுன் கயிற்றைத் தூணில் சுற்றி முடிச்சுப் போட்டான். ஏணியில் இறங்கினான். ஏணியை எடுத்துப் புல்லில் சாய்த்து வைத்தான். வேலை முடிந்ததும் எடுத்து வைப்பது வழக்கம்.

ஆலயத்துக்குள் பிரூட் எழுந்து நின்றிருந்தார். வீட்டனும் நின்றிருந்தார். பன்னிரண்டாவது அடி வரவில்லை.

"அவன் எண்ணுறதுல தப்பிட்டானா?" என்றார் பிரூட்.

"நீங்க வேணும்னா மேல போய்ப் பாருங்க," என்றார் வீட்டன்.

பிரூட் ஓர் எட்டு வைத்து நின்றுவிட்டார். முதல் அடியோடு அவர் உரிமை முடிந்துபோயிற்று. இப்போது போய் அவன் கையைப் பிடித்தால் வட தரப்பின் காரியத்தில் தலையிட்டது ஆகும். "அவன் இப்ப உங்க ஆளு. நீங்க போங்க."

"கடைசி அடி விழட்டும். அதோட, தேடிப் போறவன் சொந்தக்காரன்னு ஆயிடும். எங்க தீர்மானம் உங்களுக்குத் தெரியும்."

குரோஸ்பியைப் பார்த்தார்கள். தம் தீர்ப்பில் ஓட்டை இல்லை என்று அவர் சொன்னார். அது உண்மைதான். அந்த மனிதன் வெளியே போகிற அளவுக்குக்கூட அதில் ஓட்டை இல்லை. அதனால் அவன் போயிருக்க முடியாது என்று சபை நம்பியது. எல்லோரும் உட்கார்ந்தார்கள். எந்தத் தரப்பு முதலில் எழுந்து கதவுக்குப் போகிறதோ, அந்தத் தரப்பு தோற்றதாகும்.

அடுப்பு மெல்ல மெல்ல அவிந்தது. விறகு எங்கே அடுக்கியிருக்கிறது என்று இரண்டு தரப்பிலும் ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு குழந்தை அழுதது, தாய் அதன் வாயைப் பொத்தினாள். தென் தரப்பில் யாரோ கோட்டுக்குள் கை விட்டார். திறந்திருந்த சின்னக் கதவு வழியாக அதைப் பார்த்த வட தரப்பில் நாலைந்து பேர் கை விட்டார்கள். அதன்பின் பெஞ்சு பெஞ்சாக எல்லாக் கைகளும் உள்ளே போயின. ஒருவரும் வெளியே எடுக்கவில்லை. மேலே மணிக்கூண்டில் காற்று மட்டும் சுற்றியது.

ஆற்றின் நடுவில் கெசியா துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். லெமுவேல் படகின் தரையில், காலிக் கூடையின் கீழ், முழங்காலை மடக்கிப் படுத்திருந்தான். அக்கரையிலும் அவனைப் பிடித்துத் திருப்பி அனுப்பச் சட்டம் இருந்தது. ஆகவே அவள் குடிசையில் அவர்கள் நிற்கவில்லை. ஒரு பால் வண்டிக்காரன் கேள்வி கேட்காமல் அவர்களை ஏற்றி வடக்கே ஓட்டினான்.

"எத்தனை அடிச்சே?" என்று மட்டும் கெசியா கேட்டாள்.

"பதினொண்ணு."

"கை அரிக்குதா?"

"அரிக்குது," என்றான் லெமுவேல்.

விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு சிறுமி ஒன்றுக்குப் போகவேண்டும் என்று வெளியே ஓடி, ஏணி புல்லில் கிடப்பதைப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். அன்று இரவே தென் தரப்பும் வட தரப்பும் கூட்டாக ஒரு தீர்மானம் போட்டன: எங்கள் சபைக்குச் சொந்தமான லெமுவேலைப் பிடித்துத் தருக. 'எங்கள்' என்ற வார்த்தைக்கு வீட்டன் கண்டனம் பதிவு செய்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். சுவர் கட்டிய நாளுக்குப் பிறகு அந்தச் சபை ஏகமனதாகச் செய்த காரியம் அது ஒன்றுதான். அவன் அகப்படவில்லை. அதற்குக் காரணம் எதிர்த் தரப்புதான் என்று இரு தரப்பும் சந்தேகமறத் தெரிந்துகொண்டன.

குளிர்காலம் முழுவதும் டோபின் துறையில் மணி அடிக்கவில்லை. அடிப்பதென்றால் விட்ட இடத்திலிருந்து பன்னிரண்டாவதைத்தான் முதலில் அடிக்கவேண்டும் என்று தென் தரப்பும், அப்படி அடித்தால் தங்கள்மேல் சொந்தம் ஏறிவிடும் என்று வட தரப்பும் சொல்லின. ஞாயிறுதோறும் வந்து, நடுக்கதவைத் திறந்து வைத்து, ஒருவரையொருவர் பார்த்தபடி, அந்த ஓர் அடிக்காகக் காத்திருந்துவிட்டுப் போனார்கள்.

அது ஏப்ரல் மாதத்தில் விழுந்தது. வெகு தூரத்தில், தெற்கே, கடலோரத்துக் கோட்டை ஒன்றில். அது மணிச் சத்தம் இல்லை, வடக்குக்கும் தெற்குக்கும் மூண்ட போரின் முதல் பீரங்கி; ஆனாலும் டோபின் துறை வரைக்கும் கேட்டது. அன்றைக்குத்தான் இரண்டு தரப்பாரும் கோட்டுக்குள் விட்டிருந்த கையை வெளியே எடுத்தார்கள்.